அரசின் சொல்லும் தமிழ்ப் பக்கமும்: அரச இணையத்தளங்களின் உள்ளடக்க முகாமைத்துவ முறைமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கை அரசாங்க வர்த்தமானியின் முதலாவது இதழ் 1802 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆந் திகதி வெளிவந்தது. அன்று தொட்டு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் காலம் அரசின் சொல் அச்சிட்ட தாளாகவே குடிகளை வந்தடைந்தது. கச்சேரியின் அறிவித்தற் பலகையும், விதானையார் கொண்டுவந்த கட்டளைக் கடிதமும், தபாற் கந்தோரில் ஒட்டப்பட்ட சுவரொட்டியும் அத்தாளின் வெவ்வேறு வடிவங்களே. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே இந்நிலை மாறத் தொடங்கிற்று. 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் சட்டமும், அதன்வழி அமைந்த முகவர் நிலையமும், உலக வங்கிக் கடனின் துணையோடு நடைமுறைப்படுத்தப்பட்ட ‘ஈ-ஸ்ரீலங்கா’ நிகழ்ச்சித் திட்டமும் அமைச்சுகளையும் திணைக்களங்களையும் இணையத்தளம் உடையனவாக்கின. அவற்றுட் பல, உள்ளடக்க முகாமைத்துவ முறைமை எனப்படும் மென்பொருளின் மீதே கட்டப்பட்டன. அம்மென்பொருளுட் பெருவழக்குப் பெற்றது ஜூம்லா என்பதாகும்.

இலக்கிய மாணவர்க்கு இதில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் பெயர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நிகழ்வினை நமது ஆய்வாளர் விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். வண்ணார்பண்ணையில் நாவலர் நிறுவிய அச்சியந்திரசாலையைப் பற்றிப் பேசாத இலக்கிய வரலாறு இல்லை. எழுத்து எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகின்றது, உற்பத்திக் கருவி எவர் கையில் உள்ளது, அவ்வுற்பத்தியில் எவர் எவருக்குக் கீழ் நின்று உழைக்கின்றனர் என்னும் வினாக்கள் நூலுக்கு மட்டும் உரியனவல்ல. ஓய்வூதிய விண்ணப்பத்தின் முடிவுத் திகதியை அறிவிக்கும் நான்கு வரிப் பந்தியும் ஓர் எழுத்து உற்பத்தியே. ஒரு குடும்பத்தின் சீவியத்தை அது தொடுமளவு எந்தக் காவியமும் தொடுவதில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

முறைமையின் அடிப்படை எளிது. பழைய இணையத்தளங்களிலே ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே நிரலாக்கம் தெரிந்த ஒருவராற் புனையப்பட்டது. உள்ளடக்க முகாமைத்துவ முறைமையிலோ எழுத்துப்பகுதி தரவுத்தளத்திலும், தோற்றம் வார்ப்புருவிலும் தனித்தனியே இருக்கும். வாசகர் கேட்கும் கணத்திலே இரண்டும் பொருந்திப் பக்கமாகின்றன. இதனால் நிரலாக்கம் அறியாத எழுதுவினைஞர் ஒருவரும், தட்டச்சுப் பொறியிற் கடிதம் அடிப்பதுபோல் ஒரு படிவத்திலே தலைப்பையும் வாசகத்தையும் இட்டு, அரசின் அறிவித்தலை வெளியிடலாம். வார்ப்புரு ஒன்றே, மொழிக்கென மூன்று சொடுக்கிகள்: சிங்களம், தமிழ், ஆங்கிலம். மூன்றும் ஒரே அளவின, ஒரே நிறத்தின. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் தமிழ்பேசும் மக்கள் காணாத சமத்துவத்தை வார்ப்புரு ஒரு வரியிலே வழங்கிவிட்டது போலத் தோன்றிற்று.

சட்டம் அவ்வளவு விரைவில் அங்கு வந்து சேரவில்லை. 1958 ஆம் ஆண்டின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்துக்கான ஒழுங்குவிதிகள் 1966 இலேதான் நிறைவேறின. 1978 யாப்பு தமிழைத் தேசிய மொழியென ஏற்றது. அரசகரும மொழியென ஏற்கவில்லை. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தமே ‘தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும்’ என்னும் நிலையை உருவாக்கிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. 1988 இன் பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் குடிமகன் தமிழிலே தொடர்பு கொள்ளவும் மறுமொழி பெறவும் உரித்துடையவன் என்றது. சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்படல் வேண்டும் என்பதும் யாப்பின் ஏற்பாடே. ஆயினும் நமது பாராளுமன்றம் ஆக்கும் சட்டங்களின் ஈற்றுப் பிரிவை எடுத்து நோக்கினால், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்னும் வாசகம் வழக்கமாகக் காணப்படும். சமத்துவத்தைப் பிரகடனஞ் செய்துவிட்டு ஈற்றிலே படிநிலையைப் பேணும் இந்த வரைவுமுறைக்கும், நாம் இங்கு ஆராயும் மென்பொருளின் அமைப்புக்கும் இடையே உள்ள ஒப்புமை தற்செயலானதா என்பதே நமது வினா.

ஜூம்லாவின் தோற்றம் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். மெல்பேணைச் சேர்ந்த மிரோ என்னும் நிறுவனம் உருவாக்கிய மாம்போ என்ற மென்பொருள், 2001 ஆம் ஆண்டிற் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுப் பல நாட்டு நிரலாளரின் கூட்டு உழைப்பால் வளர்ந்தது. 2005 ஓகஸ்டில் அதன் கட்டுப்பாட்டை நிறுவனம் ஓர் அறநிலையத்தின் பெயராற் தன்கைப்படுத்த முனைந்தபோது மூல நிரலாளர் ஏறத்தாழ அனைவரும் வெளியேறினர். அவ்வாறு பிரிந்து வந்த கிளைக்கே, ‘யாவரும் ஒருங்கே’ எனப் பொருள்படும் சுவாகிலிச் சொல்லைத் தழுவி ஜூம்லா எனப் பெயரிட்டனர். உழைப்பு சமூகமயமாகவும் உடைமை தனியார் மயமாகவும் நிற்கும் முரண்பாடு மென்பொருள் உலகிலே இவ்வளவு வெளிப்படையாக வெடித்த நிகழ்வுகள் சிலவே. உரிமக் கட்டணம் இல்லாமையால் வறிய நாடொன்றின் அரசுக்கு இது வாய்ப்பான கருவியாயிற்று. முற்போக்காளர் இதனை வரவேற்றதில் தவறில்லை.

கருவி பொதுவுடைமையானது என்பதனாலேயே அதன் உள்ளமைப்பும் சமத்துவமானது எனக் கொள்ளலாகாது. 2008 சனவரியில் வெளிவந்த ஜூம்லா 1.5 பதிப்பிலே பயனாளர் படிநிலை ஒன்று உண்டு: பதிவு பெற்றவர், எழுதுநர், பதிப்பாளர், வெளியீட்டாளர், இவர்களுக்கு மேலே முகாமையாளர், நிருவாகி, தலைமை நிருவாகி. எழுதுநர் எழுதலாம், வெளியிடல் ஆகாது. பதிப்பாளர் பிறர் எழுத்தையுந் திருத்தலாம். வெளியீட்டாளரின் அனுமதியோடேயே அது உலகுக்குத் தோன்றும். மேலைநாட்டுப் பத்திரிகைக் கந்தோரின் வேலைப் பிரிவினையே இங்கு படிவமாகியுள்ளது. இப்பட்டியலில் மொழிபெயர்ப்பாளர் என்றொரு பதவி இல்லை என்பதே நமக்கு முக்கியமானது. பிரித்தானிய நிருவாகத்திலே மொழிபெயர்ப்புக்கென முதலியார் பதவி இருந்தது. அது நிலவுடைமைச் சமூகத்தின் மிச்சசொச்சமாகவும் அதிகாரத்தின் சிறு கூறாகவும் விளங்கியது உண்மையே. எனினும் அவ்வுழைப்புக்கு ஓர் ஆசனம் இருந்தது. நவீன முறைமையில் அந்த ஆசனமும் இல்லை.

1.5 பதிப்பின் மூலக்கட்டமைப்புப் பன்மொழி உள்ளடக்கத்தைக் கையாளும் வசதி உடையதன்று. அதற்கென ஜூம்பிஷ் என்னும் துணைக்கருவி இணைக்கப்பட்டது. இதன் தத்துவம் ஊன்றி நோக்கத்தக்கது. தளத்துக்கு ஒரு மூலமொழி உண்டு. கட்டுரை அம்மொழியிலேயே முதலிற் பிறக்கும். பிறமொழி வாசகங்கள் அக்கட்டுரையின் இலக்கத்தோடு பிணைக்கப்பட்டு வேறொரு அட்டவணையிலே, தலைப்பு வேறாக உடல் வேறாகத் துண்டு துண்டாக வைக்கப்படும். மூலக் கட்டுரை இன்றித் தமிழ்க் கட்டுரை ஒன்று தானே தோன்றுதல் இயலாது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தமிழ் நிருவாக மொழியாகவுள்ள அலுவலகம் ஒன்றிலே தமிழில் எழுந்த அறிவித்தலும், மூலமொழியிற் பொய்யாகவேனும் ஒரு பிறப்புப் பெற்ற பின்னரே தமிழ்ப் பக்கத்திலே தோன்ற முடியும்.

மொழிபெயர்ப்பு இல்லாதவிடத்து என்ன செய்வது என்பதற்கும் அக்கருவியிலே தெரிவுகள் இருந்தன. மூலத்தையே காட்டலாம், ‘மொழிபெயர்ப்பு இல்லை’ என்ற குறிப்போடு மூலத்தைக் காட்டலாம், மூலத்தை மறைத்துப் பதிலி வாசகம் ஒன்றை இடலாம். தமிழ்ச் சொடுக்கியை அழுத்தியவர் ஆங்கிலப் பந்தியையோ ஒரு வரி மன்னிப்பையோ கண்டது இத்தெரிவின் விளைவே. அந்தத் தெரிவு ஒரு பெட்டியிற் குறியிடுவதோடு முடிந்துவிடும் சிறு தொழினுட்பக் கருமம். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவின் முன் எவரும் அதனை வைத்து விவாதித்திருக்க மாட்டார்.

இதனினும் கவனத்துக்குரியது வேறொன்று. அக்கருவி ஒவ்வொரு கட்டுரையின் மொழிபெயர்ப்பு நிலையையும் நிறக்குறியாற் காட்டியது. மொழிபெயர்ப்பு மூலத்தோடு ஒத்திருப்பின் பச்சை. மொழிபெயர்த்த பின் மூலம் மாற்றப்பட்டிருப்பின் மஞ்சள். மொழிபெயர்ப்பே இல்லையெனிற் சிவப்பு. மூல வாசகத்தின் சுருக்கக் குறி ஒன்றைச் சேமித்துவைத்து, அது மாறியுள்ளதா எனக் கருவி தானே ஒப்பிட்டுக் கொள்ளும். ஆகவே தமிழ்ப் பக்கம் எங்கே இல்லை, எங்கே பழையதாகிவிட்டது என்பதை முறைமை நன்கு அறிந்திருந்தது. கணக்கு நாள்தோறும் எடுக்கப்பட்டது. அது நிருவாகியின் திரையில் மாத்திரம் தோன்றிற்று. மஞ்சட் குறியுள்ள தமிழ்ப் பந்தியைப் படித்து, திருத்தப்பட்ட கட்டணத்துக்குப் பதிலாகப் பழைய கட்டணத்தோடு கந்தோர் வாயிலில் நிற்பவருக்கு அந்நிறம் தெரியாது. வாசகருக்கும் அக்குறியைக் காட்டுதல் தொழினுட்பத்துக்குக் கடினமான காரியம் அன்று. குறையை அறிந்தவரும் குறையை அனுபவிப்பவரும் வெவ்வேறு திரைகளின் முன் இருந்தனர் என்பதே இம்முறைமையின் சமூக உள்ளடக்கம்.

எழுத்துருப் பிரச்சினையையும் இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. இலங்கைத் தமிழ்க் குறிமுறைக்கான எஸ்.எல்.எஸ். 1326 நியமம் 2008 ஆம் ஆண்டுக்குரியது. அதற்கிடையே நமது கந்தோர்களும் அச்சகங்களும் பாமினி முதலிய எழுத்துருக்களிலே பழகிவிட்டன. பாமினியிலே தமிழ் எழுத்துகள் ரோம எழுத்துகளின் இருக்கைகளிற் குடியிருக்கின்றன. எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். மொழிபெயர்ப்பாளர் பாமினியில் தட்டச்சு செய்து அனுப்பிய கோவையைத் தளத்தின் படிவத்தில் ஒட்டும்போது நிகழ்வதும் அதுவே. முறைமையின் பின்புறத்துக்குள் நுழையும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்குப் பெரும்பாலும் இன்மையால், ஒட்டுபவர் வேறொருவர். அவர் தமிழ் வாசிக்கத் தெரியாதவராயின் குவியலுக்கும் எழுத்துக்கும் வேறுபாடு அவருக்குப் புலனாகாது. 2007 ஆம் ஆண்டின் அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு யூலைக்குப் பின் சேரும் உத்தியோகத்தர் ஐந்தாண்டுக்குள் இரண்டாம் அரசகரும மொழியிலே தேர்ச்சி பெற வேண்டுமென விதித்தது. தேர்ச்சிச் சான்றிதழ் ஒன்று, பிழையான தமிழ் வரியைக் கண்டு கை தயங்கும் பழக்கம் மற்றொன்று.

இவற்றையெல்லாம் நோக்கும் சிலர், பேரினவாதத்தின் வெளிப்பாடே இது, மென்பொருளைக் குறை கூறுவதேன் என்பர். வேறு சிலர், மென்பொருளை மாற்றினால் யாவும் சரியாகும் என்பர். முன்னவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுமையன்று. மூலமொழியின் இடத்திலே பல தளங்களிலே அமர்ந்திருந்தது ஆங்கிலம். யாப்பிலே ஆங்கிலம் மொழிபெயர்ப்பு. தளத்திலே அதுவே மூலம். சிங்களமும் ஆங்கே மொழிபெயர்ப்பே. கடனை வழங்கிய நிறுவனத்தோடும் மென்பொருளைக் கட்டிய கம்பனியோடும் ஆங்கிலத்திலே பேசும் உயர் அதிகாரி வர்க்கத்தின் மொழியொழுங்கு அது. சிங்கள வாசகத்தைப் பக்கத்து மேசையிலுள்ளவர் எழுதிக் கொடுப்பார். தமிழ் வாசகத்துக்குக் கோவை கந்தோரை விட்டு வெளியே போக வேண்டும். இனவொடுக்கல் இந்த இடத்திலே வர்க்க ஒழுங்கின் ஊடாகவே தொழிற்படுகின்றது.

தமிழரிடையேயும் இக்குறையின் சுமை ஒரே வகையாக விழவில்லை. கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் ஆங்கிலங் கற்ற தமிழர் நேரே ஆங்கிலச் சொடுக்கியை அழுத்துவர்; தமிழ்ப் பக்கம் வெறுமையாயிருப்பதை அவர் அறியவும் மாட்டார். தமிழ் உரிமை பற்றிய மேடைப் பேச்சுகளிலே மஞ்சளும் சிவப்பும் இடம்பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அங்குள்ள தோட்டத் தொழிலாளியின் மகள் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த விரும்பின், நடைமுறை எதுவென அறியக் கைப்பேசியிலே தமிழ்ப் பக்கத்தைத் திறக்கின்றாள். இடப்பக்கத்துப் பட்டியல் தமிழிலே இருக்கும்: எம்மைப் பற்றி, தூரநோக்கு, பணிக்கூற்று, பதிவிறக்கங்கள். இவை ஒருமுறை மொழிபெயர்த்தால் ஆண்டுக்கணக்கில் நிற்பவை. தளத்தின் திறப்பு நாளிலே சமத்துவத்தின் சாட்சியாக நின்றவையும் இவையே. நாளாந்தம் மாறும் சுற்றறிக்கை, வெற்றிட அறிவித்தல், கட்டண அட்டவணை என்பன, பெரும்பாலும் வருடிய தாளின் படமாக இணைப்பிலே தொங்கும். அவை முறைமையின் மொழிப் படிவத்துக்குள் நுழைவதே இல்லை, எனவே அவற்றுக்கு நிறக்குறியும் இல்லை. இறுதியில் அவள் தெல்லுக்காரரிடமோ கடைத்தெருவில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவரிடமோ பணங்கொடுத்து விளக்கம் பெறுகின்றாள். அரசு செய்யாத மொழிபெயர்ப்புக்கான கூலியை அவளே செலுத்துகின்றாள்.

மென்பொருளை மாற்றினாற் போதும் என்பார்க்கு வரலாறே விடை கூறுகின்றது. 2011 சனவரியில் வெளிவந்த 1.6 பதிப்பு முதல் ஜூம்லாவின் மூலக்கட்டமைப்பே பன்மொழி வசதி உடையதாயிற்று. ஒவ்வொரு மொழியிலும் கட்டுரை தனித்தே பிறக்கலாம். மூலம், மொழிபெயர்ப்பு என்ற பிணைப்புக் கட்டாயமன்று. ஒத்த கட்டுரைகளை இணையாக்கும் வசதி 3 ஆம் பதிப்பு வரிசையிலே சேர்ந்தது. தமிழிலே முதலில் எழுதும் வாயில் தொழினுட்ப ரீதியாகத் திறந்துவிட்டது. ஆயின், எழுதும் இடத்திலே தமிழில் வரையும் உத்தியோகத்தர் இல்லையாயின் அவ்வாயிலாற் பயனில்லை. கட்டாயப் பிணைப்பு அகன்றதோடு, மூலம் மாறியதை மொழிபெயர்ப்போடு தானே ஒப்பிட்டுக் காட்டிய பழைய மஞ்சட் குறியும் உடன் அகன்றது. பொறி வேறு, பொறியை முதல் பயன்படுத்தும் முறை வேறு என்பதைத் தொழிலாளர் உணரக் காலமெடுத்தது என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திலே காட்டுவார். நமது மொழியுரிமை இயக்கம் அதனை உணர வேண்டிய கட்டம் இது. பொறியைப் பழிப்பதும் பொறியை வணங்குவதும் வரைவு மேசையிலே யார் அமர்கின்றார் என்ற கேள்வியைத் தவிர்க்கும் இரு வழிகள்.

தமிழிலே வரைவது இயலாத காரியம் என்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாதது. சுயமொழிக் கல்வி வளர்ந்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் வழி வெளிவந்த கலைச்சொற்றொகுதிகள், நிருவாகத் தமிழுக்கென ஒரு சொல்வளத்தைத் தந்தன. முகாமைத்துவம், வர்த்தமானி, பணிப்பாளர் என நாம் இன்று இயல்பாய் வழங்கும் சொற்கள் தமிழகத்தார்க்குப் புதியனவாய்த் தோன்றுவது இதனாலேயே. ஜூம்லாவின் தமிழ் மொழிப்பொதியோ இந்தியாவைக் குறிக்கும் அடையாளக் குறியோடு வருவது. இலங்கைக் கந்தோரின் தமிழுக்கு அதில் இடமில்லை. சிறு விடயமெனினும், நம்மவர் உருவாக்கிய சொல்வளம் நமது அரசின் கருவிக்குள்ளேயே அந்நியமாய் நிற்பதை அது காட்டுகின்றது.

அண்மைக் காலத்தில் இயந்திர மொழிபெயர்ப்புப் பற்றிப் பெரிதாகப் பேசப்படுகின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அரச ஆவணங்களுக்கென உருவாக்கிய சிங்கள - தமிழ் மொழிபெயர்ப்பு முறைமை பயனுள்ள முயற்சியே. அவ்வியந்திரம் கற்றது அரச மொழிபெயர்ப்பாளர் பல்லாண்டாக மொழிபெயர்த்த கடிதங்களிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும் என்பதை மறத்தலாகாது. முறைமையின் படிநிலையில் ஆசனம் பெறாத அவர்தம் உழைப்பு, இறந்த உழைப்பாக இயந்திரத்தினுள் மீண்டுந் தோன்றுகின்றது. அதனைக் காட்டி மொழிபெயர்ப்பாளர் வெற்றிடங்களை நிரப்பாது விடுதல் நிகழுமாயின், தொழிற்சங்கங்கள் அதனை எதிர்கொள்ள ஆயத்தமாதல் வேண்டும்.

ஆய்வாளர் என்ற வகையில் நம்மை நேரே தொடும் ஒன்று எஞ்சியுள்ளது. 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் அச்சேறும் நூலின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கப் பணித்தது. அதன்வழி எழுந்த நூற்பட்டியல்கள் இன்றித் தமிழ் நூல் வரலாறு எழுதுதல் அரிது. அச்சட்டம் தாளைக் கருதி எழுந்தது. ஜூம்லா 1.5 இற்கான ஆதரவு 2012 இல் முடிவுற்றபோது, தளங்கள் புதிய பதிப்புக்கு இடம்பெயர வேண்டியிருந்தன. இடம்பெயர்க்கும் கருவிகள் மூலக்கட்டமைப்பின் அட்டவணைகளையே முதற்கண் எடுத்துச் செல்வன. ஜூம்பிஷ் அட்டவணை துணைக்கருவிக்குரியது, அதனைத் தனியே எவரேனும் கருதிப் பெயர்த்தாலன்றி அது பழைய சேவையகத்தோடே நின்றுவிடும். தமிழ் முழுவதும் அந்த அட்டவணையிலேயே இருந்தது. 1802 இன் வர்த்தமானியைச் சுவடிக்கூடத்திலே இன்றும் கையிலெடுத்துப் படிக்கலாம். 2009 இலே ஒரு திணைக்களம் தமிழில் என்ன கூறிற்று என அறிய விரும்புபவர், அமெரிக்காவிலுள்ள இணையச் சுவடிக்கூடம் தற்செயலாகப் பிரதியெடுத்து வைத்த பக்கங்களிலேதான் தேட வேண்டியுள்ளது. அங்கும் பல பக்கங்கள் முதற்பக்கத்தோடே நின்றுவிடுகின்றன. அக்கால மொழிபெயர்ப்பாளர் சிலரிடம் தாம் அனுப்பிய பாமினிக் கோவைகள் இறுவட்டுகளில் இருத்தல் கூடும். அவற்றைத் திரட்டி ஒருங்குறிக்கு மாற்றும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தொடங்கலாம். இறுவட்டுகளின் ஆயுள் நீண்டதன்று.